டைமிங் செயின் எப்போ மாத்தணும்? - ஒரு தேய்மானக் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு 'தேய்மானம்' என்பது ஒரு வரி. லாப நட்டக் கணக்கில் செலவுப் பக்கம் எழுது, சொத்து மதிப்பில் கழி, அடுத்த கணக்குக்குப் போ. நேர்க்கோட்டு முறையா, குறைந்து செல் இருப்பு முறையா என்பதுதான் அதிகபட்சக் குழப்பம். அதையும் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுவார்கள்.

மெக்கானிக் ஷெட்டில் அதே வார்த்தைக்கு வேறு முகம். அங்கே தேய்மானம் விரலுக்குத் தட்டுப்படும், காதுக்குக் கேட்கும், சில நாள் நடுரோட்டில் நிறுத்தியும் விடும்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வாடகைக்கு ஓடும் காருக்குப் பயன்பாட்டு ஆயுள் 6 வருடம், மற்ற காருக்கு 8 வருடம் என்கிறது. வாடகை வண்டி சீக்கிரம் தேயும் என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது! அதே அட்டவணை இன்னொன்றும் சொல்கிறது. ஒரு சொத்தின் முக்கியமான பாகத்துக்கு ஆயுள் தனியாக இருந்தால், அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். விமானத்துக்கும் பாய்லருக்கும் ஆடிட்டர்கள் இதைச் செய்வார்கள். ஒரகடத்தில் ஷிப்ட் கார் ஓட்டுபவருக்கு இதைச் செய்து தர ஆடிட்டர் கிடையாது. அவரே செய்ய வேண்டும். அதுவும் புத்தகத்தில் அல்ல, காதை வைத்து.

அந்தத் தனி ஆயுள் உள்ள பாகங்களில் ஒன்றுதான் டைமிங் செயின்.

இது என்ன வேலை செய்கிறது? என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க்ஷாஃப்ட். காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம்ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இரண்டையும் கைகோத்து வைத்திருப்பதுதான் இந்தச் செயின். என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1,000 தடவை திறந்து மூடும். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு ஒதுங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான இன்றைய என்ஜின்களில் இரண்டுக்கும் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. செயின் இரண்டு பல் தாண்டினாலே பிஸ்டன் வால்வை முட்டலாம். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டன் உடையும், ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். மெக்கானிக் பாஷையில் 'என்ஜின் போச்சு'.

இதே வேலையை ரப்பர் பெல்ட்டும் செய்யும், கியரும் செய்யும். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியை ஒரு சுற்று சுற்றினாலே மூன்றையும் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் இருந்து 1998-ல் வந்த சான்ட்ரோவில் பெல்ட். அதே ஆலையில் 2008-ல் ஐ10 காருக்கு வந்த 1.2 லிட்டர் கப்பா என்ஜினில் செயின். ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை 2010-ல் திறந்தபோது வந்த மைக்ரா காரில் பெட்ரோல் என்றால் செயின், டீசல் என்றால் பெல்ட். ஒரே கார், ஒரே ஆலை, ஆனால் ஓட்டுபவருக்கு இரண்டு விதமான தலைவலி! ராயல் என்ஃபீல்டின் பழைய புல்லட்டில் டைமிங் செயினே கிடையாது, கியர்தான். 2016-ல் வந்த ஹிமாலயனிலும், 2020-ல் மீட்டியாரோடு வந்த புதிய 350 என்ஜினிலும் செயின். கனரக லாரிகளில் பெரும்பாலும் கியர்.

பெல்ட்டுக்கும் செயினுக்கும் என்ன வித்தியாசம்? பொறியியல் மாணவர்கள் பத்துப் பக்கம் எழுதுவார்கள். பர்ஸ் பக்கம் இருந்து பார்த்தால் ஒரே வித்தியாசம்: பெல்ட்டுக்குத் தேதி உண்டு, செயினுக்குத் தேதி இல்லை.

பெல்ட் ரப்பர். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று சர்வீஸ் புத்தகத்தில் அச்சடித்திருக்கும். பழைய டாடா இண்டிகா டீசல் ஓட்டிய எந்த டிரைவரைக் கேட்டாலும் 'பெல்ட் மாத்துற கணக்கு' தெரிந்திருக்கும். பயம் இருந்தது, தேதியும் இருந்தது. செயின் இரும்பு. 'என்ஜின் உள்ள வரைக்கும் வரும்' என்று ஷோரூமில் சொல்லித்தான் விற்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஆயில் ஒழுங்காக இருந்தால்.

செயின் 'இழுத்துக்கிச்சு' என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. கண்ணிக்குக் கண்ணி இணைக்கும் பின்னும், அது சுற்றும் துளையும் தேய்கின்றன. 120 கண்ணி உள்ள ஒரு செயினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு (0.02) தேய்ந்தால் மொத்த நீளம் 2.4 மில்லிமீட்டர் கூடிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் தலைமுடி அளவுகூட இல்லை. சேர்த்துப் பார்த்தால் கேம்ஷாஃப்ட் ஒரு சில டிகிரி தாமதமாகத் திரும்பும்.

இந்தத் தொய்வை இழுத்துப் பிடிக்க ஒரு டென்ஷனர் இருக்கிறது. பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில் இயங்கும். செயின் நீள நீள அதன் தண்டு வெளியே வந்து ஈடுகட்டும். ஒரு குடும்பத்தில் எல்லார் தவறையும் மறைத்துச் சமாளிக்கும் பெரிய அக்கா மாதிரி. அக்கா இருக்கும்வரை வீட்டில் சத்தம் கேட்காது. தண்டு கடைசி வரை வந்த பிறகு சமாளிக்க இடமில்லை. செயின் உறையை உரசும், பிளாஸ்டிக் கைடு உடையும், உடைந்த துண்டு ஆயில் சேம்பரில் விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். அதனால் ஆயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் டென்ஷனர் இன்னும் தளரும். ஆக, தேய்மானம் கடைசிக் கட்டத்தில் நேர்க்கோட்டு முறையில் போவதில்லை. முதலில் மெதுவாகப் போகும், பிறகு திடீரென்று ஓடும்.

டீசல் வண்டிக்கு இதில் கூடுதல் கஷ்டம். எரிந்த கரி ஆயிலில் கலக்கும். அந்தக் கரித்தூள் பின்னுக்கும் துளைக்கும் நடுவே உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போடும் ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டரும் செயினின் கணக்கில்தான் பற்று எழுதப்படுகிறது. இது வெளிநாட்டிலும் நிரூபணமான விஷயம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் 3.6 லிட்டர் வி6 என்ஜின்களில் செயின் சீக்கிரம் தேய்கிறது என்று புகார்கள் வந்தபோது, கம்பெனி எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று செயின் சம்பந்தப்பட்டதே அல்ல. ஆயில் மாற்றச் சொல்லும் எச்சரிக்கை இன்னும் சீக்கிரம் வரும்படி காரின் மென்பொருளை மாற்றினார்கள்.

இப்போது ஒரகடத்துக்கு வருவோம்.

இங்கே ஓடும் வாடகைக் கார்களில் ஒரு காலத்தில் 1.3 லிட்டர் டீசல்கள் கொடிகட்டிப் பறந்தன. ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட் என்ஜின் அது. மாருதி அதை டி.டி.ஐ.எஸ். என்ற பெயரில் ஸ்விஃப்ட், டிசையரில் போட்டது. டாடாவும் குவாட்ராஜெட் என்ற பெயரில் இண்டிகா விஸ்டாவில் போட்டது. அதில் செயின்தான். மாருதி 2020-ல் டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆனால் விற்ற வண்டிகள் மறைந்துவிடவில்லை. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி மஞ்சள் போர்டோடு இன்றும் ஓடுகின்றன. அதாவது செயினின் ஆயுள் முடிகிற வயதில்தான் அவை கடன் வாங்கி வண்டி வாங்கும் டிரைவர்களின் கைக்கு வருகின்றன.

ஷிப்ட் வண்டியின் பிழைப்பில் மீட்டருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இரண்டாம் ஷிப்ட் விடுவதற்கு முன்பே வந்து கேட் எதிரில் நிற்க வேண்டும். வெயிலோ மழையோ, ஏ.சி. போட்டுக்கொண்டு என்ஜின் ஓடும், வண்டி ஓடாது. ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் 800 சுற்றில் ஓடினால் 48,000 சுற்று. ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் 2,000 சுற்றில் ஒரு மணி நேரம் போனால் 1,20,000 சுற்று. ஆக, சும்மா நிற்கும் ஒரு மணி நேரம் செயினுக்கு 20 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். தினம் 3 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர். வருஷத்துக்கு 18,000. மீட்டரில் ஒரு முள்கூட நகர்ந்திருக்காது! மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டி, 10,000-க்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதாகப் பெருமைப்படும் டிரைவர், உண்மையில் 13,000-க்கு ஒருமுறைதான் மாற்றுகிறார்.

அப்படி ஒரு டிரைவர். நாற்பதைத் தாண்டியவர். முன்பு ஒரு டிராவல்ஸில் சம்பளத்துக்கு ஓட்டினார், பிறகு சொந்தமாக ஒரு டீசல் செடான், இரண்டாம் கை. மீட்டரில் 2,40,000. அதிகாலை டூட்டிக்குச் சாவியைத் திருப்பும்போது முன்பக்கம் 'கர்ர்ர்' என்று மூன்று விநாடி சத்தம், பிறகு அமைதி. ஒரு மாதமாக இப்படி. மூன்று விநாடி ஐந்தாகி விட்டது. படப்பை பக்கம் அவர் வழக்கமாகப் போகும் ஷெட்டில் காட்டினார்.

"அண்ணே, சூடானா சரியாப் போயிடுது. இன்னும் ஒரு மூணு மாசம் தாங்குமா?"

"தாங்கலாம் தம்பி. நாளைக்கே பல் தாண்டவும் செய்யலாம். எனக்கு ஜோசியம் தெரியாது."

"ஜூன்ல பசங்க ஃபீஸ் கட்டணும்ணே. அடுத்த மாசம் எஃப்.சி. வேற வருது. இப்ப செயினுக்கு எங்க போறது?"

"அது எனக்கும் புரியுது. ஆனா அது செயினுக்குப் புரியணுமே!"

செயின், டென்ஷனர், கைடு, பல் சக்கரம், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 22,000 ஆகும் என்றார் மெக்கானிக். இரண்டு நாள் வண்டி நிற்கும். பல் தாண்டி வால்வு வளைந்தால் ஹெட் வேலையோடு 80,000 வரை போகும், 15 நாள் வண்டி நிற்கும். டிரைவருக்கு ஒரு நாள் டீசல் போகக் கையில் நிற்பது 1,500.

பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு டிரைவர் ஒரு யோசனை சொன்னார். "மாப்ளே, கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்து. சத்தம் அடங்கும். அப்படியே யார் தலையிலயாவது கட்டிடு." சந்தையில் இது நடக்காத விஷயம் இல்லை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல வண்டிக்கும் நல்ல விலை கிடைக்காமல் போகும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். அந்தக் கட்டுரையைப் படிக்காமலேயே நம்ம டிரைவர் சொன்ன பதில்: "எனக்கு வித்தவனும் இதைத்தான் பண்ணிருப்பான் போல."

இப்போது காமர்ஸ் மாணவர்கள் பேனாவை எடுக்க வேண்டிய இடம்.

டிரைவர் மனதில் ஓடும் கணக்கு இது: 'இப்போ மாத்தினா 22,000 செலவு. மாத்தலைன்னா 22,000 மிச்சம்.' பெரும்பாலானவர்கள் போடும் கணக்கும் இதுதான். இது தப்பு. தள்ளிப் போடுவதால் 22,000 மிச்சமாகாது. மூன்று மாதம் கழித்து அதே 22,000 வந்து வாசலில் நிற்கும். மிச்சமாவது மூன்று மாத வட்டி மட்டும்.

முழுசாகப் போடுவோம். இப்போது மாற்றினால் 22,000, இரண்டு நாள் வருமானம் 3,000, ஆக 25,000. இதை வெளியில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்குவதாக வைத்துக்கொண்டால் மாதம் 500, மூன்று மாதத்துக்கு 1,500. தள்ளிப் போடுவதால் கிடைக்கும் மொத்த லாபம் இந்த 1,500 ரூபாய்தான்.

பல் தாண்டினால்? ரிப்பேர் 80,000, 15 நாள் வருமானம் 22,500, ஆக 1,02,500. எப்படியும் ஆகியிருக்கும் 25,000-ஐக் கழித்தால், கூடுதல் நஷ்டம் 77,500.

1,500 ரூபாய் லாபத்துக்காக 77,500 ரூபாயைப் பந்தயம் கட்டுகிறோம். 1,500-ஐ 77,500-ஆல் வகுத்தால் சுமார் 2 சதவீதம். அடுத்த மூன்று மாதத்தில் பல் தாண்டும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்றுக்கும் குறைவு என்று யாராவது உறுதியாகச் சொன்னால் மட்டும்தான் தள்ளிப் போடுவது லாபம். தினமும் சத்தம் நீண்டுகொண்டே போகும் செயினுக்கு அந்த உறுதியை யார் கொடுப்பது?

கெட்டிக்கார மாணவர் ஒருவர் கையைத் தூக்கலாம். 'தள்ளிப் போட்டால் பழைய செயினின் மிச்ச ஆயுளையும் பயன்படுத்திக்கொள்கிறோமே, அது லாபம் இல்லையா?' நியாயமான கேள்வி. 25,000 ரூபாயை 2,40,000 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு சுமார் 10 பைசா. மூன்று மாதத்தில் 15,000 கிலோமீட்டர், அதாவது சுமார் 1,500 ரூபாய். இதையும் சேர்த்தால் எல்லை 2-லிருந்து 4 சதவீதமாகும். ஆனால் 2,40,000 ஓடிய வண்டி இன்னொரு 2,40,000 ஓடி மூன்றாவது செயின் கேட்கப் போவதில்லை. அதனால் இந்த லாபம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

அந்த 10 பைசா கணக்கிலிருந்து இன்னொரு உண்மையும் கிடைக்கிறது. சீக்கிரம் மாற்றி ஏமாந்தால் நஷ்டம் ஆயிரக்கணக்கில். 20,000 கிலோமீட்டர் முன்னதாக மாற்றினால் 2,000 ரூபாய் வீண். தாமதமாக மாற்றி ஏமாந்தால் நஷ்டம் லட்சத்தைத் தொடும். இரண்டு தப்பும் ஒரே விலை இல்லை.

சரி, அப்படியென்றால் 1,00,000 கிலோமீட்டர் ஆனதும் எல்லாரும் போய் மாற்றிவிடலாமா? வேண்டாம். மேலே போட்ட கணக்கு முழுவதும் 'சத்தம் கேட்கும் செயினுக்கு'. சத்தமில்லாமல், ஆயில் ஒழுங்காக மாற்றி வந்த வண்டியில் பல் தாண்டும் வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே தள்ளிப் போடுவதுதான் சரி. 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நவ்லன், ஹீப் என்ற இருவர் விமானப் பாகங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். வயதை மட்டும் வைத்து மாற்றுவதால் பலன் தரக்கூடியவை அவற்றில் 11 சதவீதம்தான். மற்றவற்றுக்கு நிலைமையைப் பார்ப்பதுதான் வழி. செயின் தேய்கிற பொருள்தான், ஆனால் அது தேயும் வேகம் காலண்டரைப் பார்த்து வருவதில்லை, ஆயிலைப் பார்த்து வருகிறது. ஆகவே தேதிக்குப் பதில் அறிகுறி.

பார்க்க வேண்டியவை:

1. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் வரும் சத்தம். இரவெல்லாம் நின்றதில் டென்ஷனரில் இருந்து ஆயில் இறங்கியிருக்கும். ஒரு விநாடி சத்தம் வந்து போனால் கவனி. வாரா வாரம் நீண்டால் ஷெட்டுக்குப் போ. சூடான பிறகும் கேட்டால் ஓட்டாதே.

2. முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பார். ஆயில் குறைந்திருந்தாலே இதே சத்தம் வரும். 22,000 செலவு என்று பயப்படும் முன் இந்த இலவசப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும்.

3. ஸ்கேனர் போடு. கிராங்க் சென்ஸாரும் கேம் சென்ஸாரும் ஒத்துப் போகாவிட்டால் பி0016 என்ற கோடு வரும். சென்ஸார் கோளாறாலும் இது வரலாம். சத்தமும் கோடும் சேர்ந்து வந்தால் சந்தேகம் வலுக்கும்.

4. டென்ஷனர் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளக்கச் சொல். பல என்ஜின்களில் முழுசாகப் பிரிக்காமலேயே இதைப் பார்க்க முடியும். இதுதான் காதைவிட நம்பகமான சாட்சி.

5. வேறு வேலைக்காக என்ஜின் திறந்திருந்தால் அப்போதே பார்த்துவிடு. செயினின் விலையைவிட அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் பெரிது. பி.எம்.டபிள்யூவின் எண்47 டீசல் என்ஜினில் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கும். செயின் மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அப்படி ஒருமுறை இறக்கிய வண்டியில் பழைய செயினையே மாட்டி ஏற்றுவது சிக்கனம் ஆகாது.

6. செயினை மட்டும் மாற்றாதே. தேய்ந்த பல் சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும். டென்ஷனர், கைடு எல்லாம் செட்டாகத்தான்.

இந்தப் பகுதியில் ஒரு வேடிக்கை உண்டு. காம்பவுண்டு சுவருக்கு உள்ளே கன்வேயர் செயினைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளப்பார்கள். தொழிற்சாலை ரோலர் செயின்களுக்குப் பொதுவான எல்லை 3 சதவீத நீட்சி. அதைத் தாண்டினால் அடுத்த ஷட்டவுனில் மாற்றுவார்கள். என்ஜினியரின் மனநிலையோ, மகள் கல்யாணமோ அதில் குறுக்கே வராது, ஏனென்றால் பராமரிப்புக்கு என்று பட்ஜெட்டில் தனியாக ஒரு தொகை இருக்கிறது. சுவருக்கு வெளியே அதே ஆலையின் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு நிற்கும் காருக்கு பட்ஜெட்டும் இல்லை, எல்லையும் இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் உண்டு, மாலை உண்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் உண்டு. ஆயில்தான் அடுத்த மாசம்.

டிரைவர்களுக்கு அறிவில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. கணக்கு சரியாக இருந்தாலும் கையில் காசு வேண்டுமே! 2 சதவீதம், 4 சதவீதம் எல்லாம் 25,000 புரட்ட முடிந்தவனுக்குத்தான். ஜூனில் ஃபீஸ் கட்டாவிட்டால் பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள் என்பது உறுதி, நூற்றுக்கு நூறு. செயின் பல் தாண்டுவது வெறும் வாய்ப்பு. உறுதியான வலிக்கும் வாய்ப்பான வலிக்கும் நடுவில் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பது தெரிந்ததுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் எழுதாமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. வண்டி ஷெட்டில் நின்று பல் தாண்டாது, ஓடும்போதுதான் தாண்டும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இரவு ஒரு மணிக்குக் கண்டெய்னர் லாரிக்கும் கார் ஏற்றிவரும் டிரெய்லருக்கும் நடுவே என்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும். பின்சீட்டில் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருக்கும் மூன்று பேர். அந்த மூன்று பேரை 77,500-ல் எந்த வரியில் எழுதுவது?

நம்ம டிரைவரை முடிவெடுக்க வைத்ததும் இதுதான், சதவீதம் இல்லை. அவர் வீட்டம்மாவின் கம்மல் கூட்டுறவு வங்கிக்குப் போனது. வெளிவட்டியைவிட அங்கே வட்டி குறைவு. ஃபீஸை இரண்டு தவணையாகக் கட்டப் பள்ளியில் பேசினார். ஷெட்டில் பிரித்தபோது டென்ஷனர் தண்டு கிட்டத்தட்டக் கடைசி வரை வந்திருந்தது. ஒரு கைடின் நுனியைக் காணவில்லை. தேடினால் ஆயில் சேம்பரில் கிடந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று மெக்கானிக் சொல்லவில்லை, டிரைவரும் கேட்கவில்லை.

அடுத்த செயினுக்கு இப்போதே வழி செய்ய முடியும். கிலோமீட்டருக்கு 10 பைசா. தினம் 200 கிலோமீட்டர் ஓடினால் 20 ரூபாய், ஒரு டீயும் வடையும். அதை டேஷ்போர்டில் தனி டப்பாவில் போட்டு வைத்தால், அதற்குப் பெயர்தான் தேய்மான நிதி. வகுப்பில் பாதித் தூக்கத்தில் எழுதிய பாடம், இப்படி ஒரு டப்பாவுக்காகத்தான் இருந்திருக்கும் போல. வண்டியை விற்கும்வரை செயின் கேட்கவே இல்லையா? நல்லது, காசு உங்களுக்கே :-)

அதுவரை செய்ய வேண்டியது இரண்டே வேலை. நின்ற நேரத்தையும் சேர்த்து ஆயில் மாற்றும் தேதியைக் கணக்கிடுங்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் உடனே பாட்டுப் போட்டுவிடாதீர்கள். முதல் ஐந்து விநாடி என்ஜினுக்குக் காது கொடுங்கள்.